யாழ்ப்பாணம் கார் மினுக்கிய கதை

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடுகிற வான்களையும் சின்னக் கார்களையும் ஒருக்கால் நின்று பாருங்கள். கதவில் முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். ஆனால் கறுத்தப் பம்பரின் விளிம்பில், கதவுக்கு அடியால் போகிற பட்டியில், பக்கக் கண்ணாடியின் காலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ இழுபட்டுக் கிடக்கும். அது மெழுகு. உடம்புக்குப் பூசிய பொலிஷ் எல்லை தாண்டிப் பிளாஸ்திக்கில் பட்டு, காய்ந்து, அதன் சொரசொரப்புக்குள் இறங்கி நிற்கிறது.

கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியோரம், கட் அன்ட் பொலிஷ் வேலை செய்கிறவன் நான். இந்த வெள்ளையோடு என்னிடம் வருகிற வண்டிகள் அநேகமாக வீட்டில் சொந்தக்காரரே மினுக்கிய வண்டிகள். "அண்ணை, கழுவேக்கை போகுது, காயக் காயத் திரும்ப வருகுது, என்னண்டு உதை எடுக்கிறது?" என்று கேட்பார்கள். சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கவனம் இல்லாதவனின் வண்டியில் இந்தக் கறை வராது. அவன் மெழுகு பூசுவதே இல்லை. இந்தக் குடாநாட்டில் வாகனம் மினுக்குகிற கை இரும்பிலும் குரோமியத்திலும் பழகிய கை. ஒரு அங்குலமும் விடாமல் பூசவேண்டும் என்று தகப்பன் மகனுக்கும், மகன் தன் மகனுக்கும் பழக்கிய கை. பிளாஸ்திக் நேற்று வந்தது. கைக்கு அது இன்னும் பிடிபடவில்லை. அந்தக் கை எப்படிப் பழகியது என்பதைச் சொல்லாமல் கறையை எடுக்கிற வழியை மட்டும் சொன்னால், கதையில் பாதிதான் சொன்னதாகும்.

ஐயா ஹயர் கார் ஓடியவர். அவருடைய கார் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். 1952 முதல் 1954 வரை, இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமை அடுத்த லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் செய்த இனம் அது. 1200 சீசீ இயந்திரம், நாற்பதை ஒட்டிய குதிரைவலு, உருண்டு திரண்ட மட்காட், முகப்பில் குரோமியக் கம்பிகள். மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ஒருவர் வாங்கிய கார், கைமாறி ஐயாவிடம் வந்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் டொக்டர், பிரக்கிராசி, புகையிலை முதலாளி, மலாயாப் பென்சன்காரர் என்று கார் வைத்திருந்தவர்கள் வாங்கியவை பெரும்பாலும் ஆங்கிலக் கார்கள்: மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் ஏ30, பிறகு கேம்பிரிட்ஜ். அறுபதுகளின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போனது. கார் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்தது. 1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் ஆட்சி வந்து சந்தையைத் திறக்கும்வரை, நடுத்தரக் குடும்பத்துக்குப் புதுக் கார் என்பது நினைத்தும் பார்க்கமுடியாத பொருள். கையில் இருப்பது உக்கிப்போனால் இன்னொன்று இல்லை. யாழ்ப்பாணத்தின் மினுக்கல் பழக்கம் அந்தப் பயத்தில் பிறந்தது என்பதுதான் என் எண்ணம். அழகுக்காகச் செய்தார்கள், பகட்டுக்காகச் செய்தார்கள் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன்.

உக்கவைப்பதற்கு இங்கே இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக்காற்று. குடாநாட்டில் எந்த ஊரிலிருந்தும் கடல் தூரமில்லை. குரோமியத்தில் ஊசிமுனை அளவு துளை இருந்தால் போதும், அதற்குள்ளால் கறள் பிடித்துத் தகட்டைத் தின்றுவிடும். மற்றது எங்கள் கிணற்றுத் தண்ணீர். நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதில் ஊறி வருகிற தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் கார் உடம்பிலும் படிகிறது. ஆகவே ஐயா விடிய, வெயில் ஏறமுன் கழுவுவார். ஊற்றியதும் துடைப்பார். ஒரு பக்கத்தைத் துடைத்து முடிக்காமல் மற்றப் பக்கத்துக்குத் தண்ணீர் ஊற்றவிடமாட்டார். பழைய வேட்டித்துண்டுதான் துணி. பொத்தானும் தையலும் உள்ள துணி கிட்டவும் வரக்கூடாது.

பிறகு மெழுகு. கடையில் தகரப் பொலிஷ் கிடைத்த காலத்தில் அது. கிடைக்காத காலத்தில் வீட்டிலேயே செய்தார். எங்கள் ஒழுங்கையில் ஒரு நகைத்தொழிலாளி இருந்தார். அவரிடம் வன்னியிலிருந்து வந்த தேன்மெழுகு இருக்கும். ஒரு சின்ன உருண்டை வாங்கி, கத்தியால் சீவி, பால்மாத் தகரத்துக்குள் போட்டு, மண்ணெண்ணெயும் சில துளி தேங்காயெண்ணெயும் விடுவார். தகரத்தை நெருப்பில் வைக்கமாட்டார். முதலில் அடுப்பை அணைப்பார். பிறகு கொதித்த தண்ணீர்ச் சட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், அதற்குள் தகரத்தை இறக்கி வைப்பார். தேன்மெழுகு 62, 64 பாகை செல்சியசில் உருகிவிடும், கொதிதண்ணீரே அதற்குக் கூடுதல். ஆறினதும் வெண்ணெய்ப் பதத்தில் வரும். கூரை, பொனற், கதவு, மட்காட், குரோமியம், விளக்கு வளையம், கடைசியாக றப்பர் பீடிங். ஒரு இடமும் மிஞ்சாது. "மெழுகு படாத இடத்திலைதான் கறள் பிடிக்கும்" என்று சொல்லிச் சொல்லி, என் கையைப் பிடித்து விளிம்புகளுக்குள் தேய்க்க வைப்பார். இரும்புக் காருக்கு அந்தச் சொல் முழு உண்மை. இன்று பிளாஸ்திக்கில் வெள்ளையாகத் தெரிவதும் அந்தச் சொல்தான்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். கரைப்பான் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குத் தார் படிப்பித்தது. 1958 இல் சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட இலக்கத்தகட்டோடு பேருந்துகள் வடக்குக்கு வந்தபோது, அந்த எழுத்தைத் தாரால் அழித்துத் தமிழில் எழுதினார்கள். கொழும்பில் அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். அந்த வருடம் மே மாதத்தில் கலவரம் வந்து, பலர் உயிரிழந்தார்கள், வீடிழந்தவர்கள் கப்பலில் வடக்குக்கு வந்து இறங்கினார்கள். ஐயாவின் கார் பழைய ஆங்கில எழுத்து இலக்கம், ஸ்ரீ இல்லாதது. ஆனாலும் நெருக்கத்தில் வாளி தட்டுப்பட்டுப் பின் பம்பரில் தார் தெறித்தது என்று சொல்வார். சவர்க்காரத்துக்கும் தண்ணீருக்கும் அசையாத தார், மண்ணெண்ணெய்த் துணியை ஒற்றிக் கொஞ்சநேரம் வைத்ததும் இளகி வந்ததாம். எண்ணெயில் பிறந்ததை எண்ணெய்தான் எடுக்கும் என்பது அவர் அன்று கண்ட பாடம். பரஃபின் மெழுகும் தாரும் மண்ணெண்ணெயும் நிலத்தெண்ணெயிலிருந்து வருகிற ஒரே குடும்பம். அந்தப் பாடத்தை வைத்துத்தான் நான் இன்றும் வேலை செய்கிறேன்.

1990 யூனில் மறுபடி போர் தொடங்கியது. யாழ்தேவி ரயில் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. வடக்குக்குக் கொண்டுவரக்கூடாத பொருட்களுக்கு ஒரு பட்டியல் வந்தது: பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, சவர்க்காரம், மெழுகுதிரி என்று நீண்ட பட்டியல். மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் கொஞ்சம் வரும். வெளியில் வாங்கினால் யானை விலை.

இந்த இடத்தில் பழைய ஆங்கிலக் கார்களின் பெருமையைச் சொல்லாமல் போகமுடியாது. 77க்குப் பிறகு வந்த ஜப்பான் கார்கள் நல்ல பெற்றோல் கேட்பவை. எரிபொருளையும் காற்றையும் இறுக்கி அமுக்குகிற இயந்திரங்கள். அவற்றில் மண்ணெண்ணெய் விட்டால் நேரம் முந்தி வெடித்து, உள்ளே சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்கும், இழுவை போய்விடும். ஒஸ்ரினும் மொறிசும் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் தரம் குறைந்த பெற்றோலுக்கென்றே செய்தவை. சோமசெற்றின் அமுக்கம் ஏழுக்கு ஒன்றை ஒட்டித்தான். சிலிண்டர் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கற் வைத்து அதையும் குறைத்தோம். எரிபொருள் போகிற செப்புக் குழாயைப் புகைபோக்கி அடியில் சுற்றிக் கட்டினோம். மண்ணெண்ணெய் சூடேறிப் போனால்தான் ஆவியாகும். ஸ்ராட் எடுக்க மட்டும் பெற்றோல் வேண்டும். ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயால் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, இயந்திரம் சூடாகும்வரை ஓடவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மோட்டார் சைக்கிள்காரர் சட்டைப்பையில் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் கொண்டு திரிவார்கள். ஜப்பான் கார்கள் கொட்டில்களில் கல்லின் மேல் ஏறிக் கிடக்க, அவற்றைவிட இருபது முப்பது வயது மூத்த ஏ40களும் மைனர்களும் யாழ்ப்பாண வீதியில் ஓடின. பிள்ளைப்பேற்றுக்கு அவைதான், ஷெல் பட்டவரை ஏற்றவும் அவைதான், கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அவைதான். எழுபதுகளில் அவற்றைக் கறள் தின்ன விட்டிருந்தால், தொண்ணூறுகளில் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டிருக்கமாட்டார்கள். மினுக்கல் பகட்டு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

மண்ணெண்ணெயில் ஓடிய காரின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதி எரிந்த எண்ணெயும் கரியும் சேர்ந்து பம்பரிலும் டிக்கியிலும் கறுத்த பிசுக்காகப் படியும். சவர்க்காரமோ தடை. உடுப்புத் தோய்க்கவே பனம்பழத்தைப் பிசைந்து நுரை எடுத்த காலம் அது. அம்மா அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துத் தருவா. கையில் வழுவழு என்று இருக்கும் அந்தக் காரநீர் பிசுக்கை வெட்டும். அதனால் துடைத்து உடனே நல்ல தண்ணீரால் கழுவவேண்டும்; நின்றால் பெயின்றை மங்க வைக்கும். குரோமியத்துக்குச் சாம்பலைத் தூளாகப் போட்டுத் தேய்க்க ஐயா விடவே மாட்டார். பித்தளைக் குத்துவிளக்கு அதைத் தாங்கும், குரோமியத்தில் கீறு விழும்.

மெழுகு பூசுவதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, திரியைத் தகரத் துண்டில் செருகி, மண்ணெண்ணெயைச் சொட்டளவில் விட்டு எரித்துத்தான் பிள்ளைகள் படித்தார்கள். பொலிஷ் பதம் வர இரண்டு கரண்டி மண்ணெண்ணெய் வேண்டும். அந்த இரண்டு கரண்டியில் என் தங்கச்சி ஒரு இரவு படிப்பாள். அவளுக்கு அப்போது ஏ.எல். சோதனை. ஐயா அதற்குப் பிறகு மண்ணெண்ணெயைப் பொலிஷுக்குத் தொடவில்லை. மிஞ்சிக் கிடந்த தேன்மெழுகை வெயிலில் வைத்து இளக்கி, வெறும் தேங்காயெண்ணெயில் குழைத்து, துணியில் நிறம் தெரியாத அளவுக்கு மெல்லியதாக இழுத்தார். புழுதி ஒட்டும் என்று தெரியும். பரவாயில்லை, கறள் வராமல் இருந்தால் போதும் என்பார். எண்ணெயும் புழுதியும் சேர்ந்த அந்தப் பூச்சை நாங்கள் கிழமைக்குக் கிழமை துடைத்தெடுத்தோம். மெழுகைப் பூசுவதைவிட மெழுகை எடுப்பது பெரிய வேலை என்பது எனக்கு அந்த நாட்களில் விளங்கியது.

1995 ஒக்ரோபர் 30. போர் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்ட இரவு. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம், மழை, இருட்டு. சோமசெற் அன்று நடக்கிற ஆட்களின் வேகத்தில்தான் போனது. உள்ளே அப்பாச்சியும் அயலில் இருந்த நடக்கமாட்டாத இரண்டு கிழவிகளும். இயந்திரம் சூடு ஆறினால் மண்ணெண்ணெய் பிடிக்காது, பெற்றோல் சில சொட்டுத்தான் மிச்சம் என்பதால் நிறுத்தவும் பயம். மற்ற நாள்தான் சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். மாதக்கணக்கில் ஒரு மாமரத்தின் கீழ் நின்றது கார். ஐயா ஒவ்வொரு விடியவும் மாம்பாலையும் காக்கை எச்சத்தையும் துடைத்துக்கொண்டு நிற்பார். 1996 சித்திரைக்குப் பிறகு கொக்குவிலுக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கார் இருந்தது. அதை ஓட்டித்தான் கூரை போட்டோம்.

பிந்திய வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொருட்கள் கப்பலில் வந்தன, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம். சித்திரையில் தெற்குக்குப் போகிற ஏ9 வீதி திறந்தது. தெற்கிலிருந்து வான்கள் வந்தன. 2006 ஓகஸ்ற்றில் பாதை மறுபடி மூடியது. 2009 இல் போர் முடிந்து பாதை நிரந்தரமாகத் திறந்த பிறகு, தவணைக் கொம்பனிகள் வீதிக்கு வீதி வந்தன. ஓட்டோவும் வானும் சின்ன ஜப்பான் கார்களும் ஹைபிறிட்டுகளும் நிறைந்தன. அவற்றோடுதான் குடாநாட்டுக்குக் கறுத்தப் பிளாஸ்திக் முழுவீச்சில் வந்தது.

உலகத்துக்கு அது பழைய சரக்கு. பொலிப்புறோப்பிலீனை 1954 இல் இத்தாலியில் யூலியோ நற்றா ஒழுங்கான வடிவில் செய்து காட்டினார். கார்ல் சீக்லரோடு சேர்த்து 1963 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1972 இல் பிரான்சின் ரெனோ 5 பிளாஸ்திக் பம்பரோடு வந்தது. பிறகு மற்றக் கொம்பனிகளும் அந்த வழியில் போயின. அந்த வருடங்களில் எங்களிடம் இறக்குமதி இல்லை, பிறகு போர். ஐரோப்பாவும் ஜப்பானும் முப்பது வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய மாற்றம் எங்களுக்குச் சில வருடங்களில் வந்து குவிந்தது. குரோமியத்தை மினுக்கிய கை நேரே பொலிப்புறோப்பிலீனில் போய் விழுந்தது.

பெயின்ற் பூசிய தகடு வழவழப்பு. மெழுகு மேலே நிற்கும், காய்ந்ததும் துணியோடு வந்துவிடும். பெயின்ற் பூசாத கறுப்புப் பட்டியை வேண்டுமென்றே சொரசொரப்பாக வார்க்கிறார்கள், கீறல் தெரியாமல் இருக்க. வெயிலைத் தாங்கப் புகைக்கரி கலந்து கறுப்பாக்குகிறார்கள். பொலிஷில் மெழுகு மட்டும் இல்லை, தேய்ப்பதற்கு மாவு போன்ற களித்தூளும் இருக்கும். கரைப்பான் பறந்ததும் தூளும் மெழுகும் அந்தச் சின்னக் குழிகளுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். துணி மேட்டைத்தான் தொடும், குழிக்குள் இறங்காது. அதோடு அந்தப் பிளாஸ்திக்கே மெழுகுக்கு உறவுக்காரன். இரண்டும் கரியும் ஐதரசனும் கோத்த நீண்ட சங்கிலிகள். தண்ணீரை இரண்டுமே தள்ளும். ஆகவே வெறும் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் அது இரண்டுக்கும் நடுவில் போகாது.

எடுக்கிறதுக்கு முன்னம், அது மெழுகுதானா என்று பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் மூன்று வெள்ளை உண்டு. நகத்தால் சுரண்டினால் நகத்துக்குள் மெதுவாக உருண்டு வருவது மெழுகு. தூளாக உதிர்ந்து, தேசிக்காய்ப் புளி பட்டதும் கரைவது கிணற்றுச் சுண்ணாம்பு. இரண்டுக்கும் அசையாமல், பட்டி முழுக்க ஒரேயளவாய் வெளுத்திருந்தால் அது வெயில் தின்ற பிளாஸ்திக். அதைத் துடைத்து எடுக்க ஏலாது. நிறமூட்டுகிற பூச்சுத்தான் போடவேண்டும். சுண்ணாம்பை மெழுகென்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டு உரஞ்சி அலுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மெழுகு என்றால் முதலில் காய்ந்தபடியே பழைய பல்துலக்குகிற பிறஷால் தட்டித் தேய்க்கவேண்டும், வார்ப்பின் கோடு போகிற பக்கமாக. தூளில் நல்ல பங்கு அப்போதே வெளியே வரும். சின்னப் புள்ளிகளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பர் போதும், மெழுகு அதில் சுருண்டு ஏறிவிடும். அடுத்தது சூடு. கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், அதில் கோப்பை கழுவுகிற திரவம் சில துளி, கையுறை, பிறஷ். பரஃபினும் தேன்மெழுகும் அந்தச் சூட்டில் இளகும். பொலிப்புறோப்பிலீன் 160 பாகைக்குக் கிட்டப் போனால்தான் உருகும் என்பதால் பம்பருக்கு ஒன்றும் ஆகாது. விலை கூடிய பொலிஷில் கார்னோபா மெழுகு இருக்கும். அது வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட நிலத்தில் வளர்கிற ஒரு பனையினத்தின் ஓலையில் படிகிற மெழுகு. ஓலையின் ஈரம் வெயிலில் போகாமல் காக்க மரம் தானே சுரப்பது. எங்களைப் போல வறண்ட பூமியில் வாழ்கிற இன்னொரு சனத்தின் பனை எங்கள் வாகனத்தைக் காக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோசம். கார்னோபா 82 பாகைக்கு மேல்தான் உருகும், ஆகவே சூட்டுத் தண்ணீருக்கு லேசில் மசியாது. அதற்கு எண்ணெய் வேண்டும்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், அங்கே கச்சான் வெண்ணெயைப் பூசி எடுப்பார்கள் என்றார். கேட்டுக்கொண்டிருந்த பொடியன்கள் நம்பவில்லை. எனக்கு அது நியாயமாகப் பட்டது: கச்சான் எண்ணெய் மெழுகை இளக்கும், அரைபட்ட பருப்பு மெதுவாக உரஞ்சும். நல்லூர்த் திருவிழாவில் வாங்கிய வறுத்த கச்சானை மனுசி அம்மியில் அரைத்துத் தந்தா. வேலை செய்தது. ஆனால் குழிக்குள் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் எறும்பு வந்துவிடும், சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு தரம் கழுவவேண்டும்.

கடைசியில்தான் மண்ணெண்ணெய். துணியில் ஒற்றி, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் துடைத்து, ஊறவிடாமல் உடனே சவர்க்காரத் தண்ணீரால் கழுவவேண்டும். ஊறினால் பிளாஸ்திக் எண்ணெயைக் குடித்து ஊதும். தின்னரும் பெற்றோலும் கிட்டவும் வரக்கூடாது. அவை பக்கத்துப் பெயின்றையும் கெடுக்கும், பட்டியைத் திட்டுத் திட்டாக வெளுக்க வைக்கும். முழுதும் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் சரிவாக நின்று பார்க்கவேண்டும். நேரே பார்த்தால் மிச்சம் தெரியாது.

நவராத்திரியின் வாணி விழாவுக்கு அடுத்த நாட்களில் வேறு வேலை வரும். பூசை முடிந்த வாகனங்கள் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம், மஞ்சள். ஏ9 ஆல் போய்வருகிற வண்டிகள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று தேங்காய் உடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டு வருபவை. பொட்டு வைக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: கண்ணாடியிலும் தகட்டிலும் வையுங்கள், கறுப்புப் பட்டியில் வேண்டாம். அதற்குள் இறங்கிய மஞ்சளை மெழுகைவிடப் பாடுபட்டுத்தான் எடுக்கவேண்டும்.

2020 மார்ச்சில் மறுபடி வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் பெற்றோலுக்குக் கிழமைக்கணக்கில் வரிசை. சாதாரணப் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனது. இருக்கிற வண்டியைக் காப்பாற்றவேண்டும் என்ற பழைய நினைப்பு சனத்துக்குத் திரும்பியது, என் வளவும் நிறைந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தாலும், வரியோடு சேர்ந்த விலை ஊராரின் கைக்கு எட்டவில்லை. என்னிடம் பழகுகிற பொடியன்களுக்கு இப்போது முதலாவதாகச் சொல்லிக்கொடுப்பது மறைப்பது. பொலிஷ் தகரத்தைத் திறக்கமுன் பெயின்ற் வேலைக்கு ஒட்டுகிற கடதாசி நாடாவைக் கறுப்புப் பட்டி எல்லாவற்றுக்கும் ஒட்டவேண்டும். அது ஐயாவின் சொல்லுக்கு மாறானது. ஆனால் பிளாஸ்திக்குக் கறள் பிடிக்காது என்று தெரிந்திருந்தால் அவரும் நாடாதான் ஒட்டியிருப்பார். சோமசெற்றுக்கு மட்டும் இன்றும் அவர் முறைதான், விளிம்பு விடாமல்.

இன்னொன்று எனக்குப் பெரிய கவலை. நாங்கள் கழுவிவிடுகிற தண்ணீர் எங்கே போகிறது? வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் இந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற மழைத்தண்ணீர்தான். கல்லோ வெடிப்பும் துவாரமும் நிறைந்தது, மேலே ஊற்றுவது வடிபடாமல் கீழே போகும். 2015 ஐ ஒட்டிச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கண்டு, சனம் வீதியில் இறங்கி, விசயம் உயர்நீதிமன்றம்வரை போனதை எல்லோரும் அறிவோம். அதன் பிறகு என் வளவில் கழுவுகிற இடத்துக்குச் சீமெந்துத் தளம் போட்டு, தண்ணீர் வடிகிற முனையில் மணலும் கரியும் நிரப்பிய தொட்டி கட்டினேன். மண்ணெண்ணெய் பட்ட துணியைத் தளத்தில் அலசுவதில்லை, மூடியுள்ள தகரத்துக்குள் சேர்க்கிறோம். முடிந்த அளவு பிறஷ், அழிறப்பர், சூட்டுத் தண்ணீரோடு வேலையை முடித்து, மண்ணெண்ணெயை ஒரு மூடி அளவுக்குள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். தொட்டியின் மணலை நேரத்துக்கு நேரம் மாற்றவேண்டும், அதற்குச் செலவு உண்டு. இந்த வீதியில் வாகனம் கழுவுகிற மற்றவர்களிடமும் போய்க் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் தொட்டி கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். மற்றவர்களிடம் வருகிற மாரிக்கு முன் இன்னொருக்காப் போகவேண்டும்.